மாமனுக்கு ஆகாது

நடை பழகும் பிள்ளை தள்ளாட வேண்டும். இரண்டடி வைத்துப் பொத்தென்று குந்த வேண்டும், எழும்ப வேண்டும், சுவரைத் தேட வேண்டும், சுவர் கைக்கு எட்டாவிட்டால் தாயைப் பார்த்து அழ வேண்டும். தக்ஷாயினியின் பிள்ளைகள் இதில் ஒன்றையும் செய்யவில்லை. ஒன்றரை வயதாகியும் தவழ்வதை விடாமல் வீடு முழுக்கத் தேய்த்துத் திரிந்த இரட்டையர் இருவரும், கட்டாரிலிருந்து வந்த மாமன் விறாந்தைப் படியில் கால் வைத்த நேரம், கையிலிருந்த சிரட்டைகளைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். பிறகு நடந்தார்கள். நடு அறையின் புது டைல்ஸ் தரையில், பக்கத்தில் பக்கமாக, இருவரும் ஒரே நேரத்தில் வலது கால், ஒரே நேரத்தில் இடது கால், வாசல் வரை.

"அடேய், மாமனக் கண்டதும் நடக்கிறானுகள் பாரு!" என்று அவளுடைய கணவன் விஜிதரன் கத்தினான். ஓட்டோவிலிருந்து மச்சானின் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தவன் அதை மழைச் சேற்றிலேயே வைத்துவிட்டுப் போனைத் தேடினான். "ஆறு மாசமா கையப் புடிச்சி இழுக்கிறன், ஒருத்தன் அசையல்ல. உன்னக் கண்டதும் சாமி ஊர்வலம் மாதிரி வாறானுகள் மச்சான்!"

சுதாகரன் படியிலேயே முழங்காலில் நின்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "வாங்க மனே, மாமாட்ட வாங்க. என்ட ராசா ரெண்டும்."

பிள்ளைகள் வந்தார்கள். நிதுர்ஷன் அவன் கழுத்தின் இடப்பக்கம் கை வைத்தான், விதுர்ஷன் வலப்பக்கம். விஜிதரன் விசிலடித்தான், பக்கத்து வளவுக்காரர்கள் வேலியால் எட்டிப் பார்த்துக் கை தட்டினார்கள். தக்ஷாயினியும் தட்டினாள். தட்டிக்கொண்டே பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைகள் சிரிக்கவில்லை. சந்தையில் மாம்பழத்தை அமுக்கிப் பார்ப்பதுபோல அந்தச் சின்ன விரல்கள் மாமனின் கழுத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தன.

சுதாகரன் அவளுடைய தம்பி. தம்பி என்பது பேச்சுக்கு, வளர்த்தவள் அவள். அம்மா போனபோது அவன் அரைக் காற்சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனுக்குச் சோறு தீத்தியதும், பேன் பார்த்ததும், பொய் சொன்னதற்கு அடித்ததும், அடித்துவிட்டுக் கூட இருந்து அழுததும் அவள்தான். பெண்ணுக்கு வீடு கொடுப்பது இந்த வாவிக்கரை ஊர்களின் வழக்கம். தாய் தகப்பன் இல்லாத குடும்பத்தில் அந்தப் பொறுப்பு ஒரு பொடியனின் தலையில் விழுந்தது. அவன் டோகாவில் வெயிலில் காய்ந்து உழைத்ததில்தான் பழுகாமத்தில் இந்த ஓட்டு வீடு எழும்பியது. அவனை விட்டால் அவளுக்குப் பிறந்த வழியில் சொல்லிக்கொள்ள ஒரு சனமும் இல்லை.

அந்தப் பாசத்தில்தான் பிழையையும் செய்தாள். பிள்ளைகள் பிறந்த அன்று, வயிற்றைக் கீறி எடுத்த நோவோடு அவள் கட்டிலில் கிடக்க, தாதி ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பேரும் கொடிய மாலையாப் போட்டுட்டு வந்திருக்கானுகள்." கொடி கழுத்தில் சுற்றிப் பிறந்த ஆண் பிள்ளை மாமனுக்கு ஆகாது என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாமன் அப்படிப்பட்ட பிள்ளையின் முகத்தை முதலில் நல்லெண்ணெயில்தான் பார்க்க வேண்டும்; அதன் பிறகே நேரில் பார்க்கலாம். தக்ஷாயினிக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் தலையணைக்கு அடியில் போன் அதிர்ந்தது. டோகாவில் வேலைக்கும் போகாமல் காத்திருந்த தம்பி. அவள் போனைப் பிள்ளைகளுக்கு நேரே திருப்பிப் பிடித்தாள். தகப்பன் பார்க்கமுன்னமே மாமன் பார்த்தான். பார்த்து விம்மி விம்மி அழுதான்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வளவு புஸ்பமக்கா எண்ணெய்ப் போத்தலோடு வந்து சேர்ந்தாள். "தம்பி இன்னும் பாக்கல்லத்தானே புள்ள?"

"இல்லக்கா" என்றாள் தக்ஷாயினி. அவள் அதைச் சொன்னபோது தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளும் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தன. பிறந்த பிள்ளைக்குக் கண் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தம்பி வரும்போது செய்யலாம் என்று புஸ்பமக்கா போத்தலை வைத்துவிட்டுப் போனாள்; அவன் வந்த அன்று பிள்ளைகளின் நடையைப் பார்த்த சந்தோசத்தில் அது எல்லோருக்கும் மறந்துபோனது.

தம்பி வந்ததோடு மாரியும் கனத்தது. மழை ஓட்டில் விழுந்து, பீலியால் வழிந்து, முற்றத்தை நிரப்பி, பின்வேலி வரை ஏறியிருந்த வாவித் தண்ணீரோடு போய்ச் சேர்ந்தது. வாவிச் சேற்றில் வளரும் கண்ணாப் பற்றைகளின் அழுகல் மணமும் இறால் மணமும் ஈரத் துணி மணமும் ஒன்றாகக் கலந்து வீட்டுக்குள் வந்து குந்திக்கொண்டன. அந்தச் சத்தத்துக்கெல்லாம் நடுவில் அவளுக்குப் பிள்ளைகளின் நடை தனியாகக் கேட்டது. அறையிலிருந்து அறைக்கு, தம்பி எங்கே போகிறானோ அங்கே, ஈரத் தரையில் சப், சப், சப் என்று. நான்கு கால்கள் நடந்தன. இரண்டு கால்களின் சத்தம்தான் கேட்டது.

இரண்டொரு நாளில், மத்தியானச் சாப்பாட்டு நேரம், "மாமா தீத்துறன்" என்று சுதாகரன் கோப்பையை வாங்கிக்கொண்டான். அதுவரை பிள்ளைகளுக்கு மசித்த சோறுதான், மெல்லத் தெரியாது. அவன் ஓரா மீனை முள் பார்த்துப் பிசைந்து உருட்டி, "மெண்டு தின்னணும் மனே, இப்பிடி, இப்பிடி" என்று தன் வாயை அசைத்துக் காட்டினான். நிதுர்ஷன் மாமனின் வாயைக் கவனமாகப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான். உருண்டை உள்ளே போனது, வாய் மூடியது, விரல் வெளியே வரவில்லை.

முதலில் சுதாகரன் சிரித்தான். "விடுடா கள்ளா." பிறகு சிரிப்பு நின்றது. பிறகு, வளர்ந்த ஆம்பிளை, தொண்டை கிழியக் கத்தினான். தக்ஷாயினி ஓடிவந்து பிள்ளையின் தாடையை இரண்டு பக்கமும் அமுக்கினாள். கோழிக் குருத்தெலும்பைக் கடிக்கிற சத்தம் கேட்டது. இரத்தம் பிள்ளையின் நாடியால் வழிந்து வெள்ளைச் சோற்றில் சொட்டியது. மற்றவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துவிட்டு, பாடம் விளங்கியவன்போலக் குனிந்து, மாமனின் மற்றக் கையின் பெருவிரல் சதையில் வாயை வைத்தான்.

ஒருவழியாகப் பிரித்துக் கழுவிப் பார்த்தால் சுட்டுவிரலில் ஒரு பயறளவு சதையைக் காணவில்லை. அவள் தரையில் தேடினாள், கோப்பையில் தேடினாள். நிதுர்ஷன் வாயை அசைத்துக்கொண்டிருந்தான், மாமன் காட்டிக்கொடுத்த மாதிரியே, இப்பிடி, இப்பிடி. பிறகு விழுங்கினான்.

"பல்லு ஊறுது தக்ஷா, வேறென்ன" என்றான் விஜிதரன் பின்னேரம் வந்து. "மெண்டு தின்னப் பழகிட்டானுகள், அதப் பாரு." இரண்டு பேரும் பல் காட்டும் படமொன்றை எடுத்து எல்லோரும் பார்க்கப் போட்டான். விஜிதரன் கெட்டவன் அல்ல. சந்தோசப்படுவதற்குக் காரணம் தேடித் திரிகிற ஆள். கிடைத்தால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று புரட்டிப் பார்க்கமாட்டான்.

அடுத்ததாகத் தள்ளப் பழகினார்கள். பிளாஸ்டிக் கதிரையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவதில் அவர்களுக்கு அப்படியொரு பிரியம். ஒருநாள் மழை கொஞ்சம் ஓய்ந்த பின்னேரம், ஊஞ்சல் கட்டித்தருகிறேன் என்று சுதாகரன் கயிற்றோடு அந்தக் கதிரையில் ஏறினான். தக்ஷாயினி நடுக் கதவடியில் இருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அதனால் எல்லாவற்றையும் பார்த்தாள். ஒருவன் கதிரையின் பின்னால் போய் நின்றான். மற்றவன் முன்கால்களைப் பிடித்துக்கொண்டான். அசையாமல் நின்றார்கள். மாமன் விறாந்தைக் கூரை வளையை எட்டுவதற்கு ஒரு காலைத் தூக்கும்வரை நின்றார்கள். தூக்கினான். ஒருவன் தள்ளினான், மற்றவன் இழுத்தான்.

அவன் விழுந்தது விறாந்தைப் படியின் சீமெந்து விளிம்பில். காய்ந்த பனை மட்டை முறிகிற சத்தம். முழங்காலுக்குக் கீழே அவனுடைய கால் போகக்கூடாத பக்கம் மடிந்து கிடந்தது. தக்ஷாயினி சுளகை எறிந்துவிட்டு ஓடுவதற்குள் பிள்ளைகள் இரண்டு பக்கமும் குந்திக்கொண்டார்கள். நிதுர்ஷன் மடிந்த இடத்தை விரலால் அமுக்கினான். மாமன் அலறினான். விதுர்ஷன் அமுக்கினான். மாமன் அலறினான். அவள் வந்து இருவரையும் இழுத்துத் தள்ளும் வரைக்கும் மாறி மாறி அமுக்கினார்கள்.

ஆசுபத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். நடு அறையில் பாயை விரித்து அவனைக் கிடத்தினாள். கிடத்தித் தலையணையைச் சரிசெய்தபோது பிள்ளைகள் வந்து அவன் தலைமாட்டில் நின்றார்கள். அன்றைக்குத்தான் வாய் திறந்து முதல் சொல் சொன்னார்கள்.

"மாமா."

இரண்டு வாய், ஒரு குரல். விஜிதரன் குதித்தான். "மாமாவாம்! அப்பா இல்ல, மாமா! நல்லா இருக்குடா உங்கட நியாயம்!" அவன் போனோடு வெளியே ஓடிப் பக்கத்து வளவுக்கெல்லாம் சொன்னான். அவர்கள் நிறுத்தவில்லை. மாமா. மாமா. மாமா. ஒரே அளவில், ஏற்ற இறக்கமில்லாமல். சுதாகரன் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். மூடியிருக்கும்வரை சொன்னார்கள். திறந்ததும் நிறுத்திவிட்டு அவன் கண்ணுக்குள் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து தக்ஷாயினி அவர்களை அவனோடு தனியே விடவில்லை. இடுப்பில் ஒருவன், கையில் ஒருவன் என்று இழுத்துக்கொண்டே சமைத்தாள், துவைத்தாள். தன் பிள்ளைகள்தானே, என்ன பயம் என்று விஜிதரன் கேட்டான். குளிப்பாட்டும்போது அவர்கள் சிரித்தார்கள், கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள், பால் வாசம் வீசினார்கள். அவர்கள்மேல் உயிரையே வைத்திருந்தாள். அதே உயிர் அவர்களைக் கண்டு நடுங்கியது.

ஒரு காலை, அடுப்பில் பால் பொங்கிய ஒரு நிமிடம். அவ்வளவுதான் விட்டாள். திரும்பி வந்தபோது இருவரும் கஞ்சிக் கோப்பையோடு மாமனின் பாயில் இருந்தார்கள். கரண்டி பிடிக்கப் பழகியிருந்தார்கள். நிதுர்ஷன் ஒரு கரண்டி அள்ளி, சிந்தாமல், மாமனின் வாயில் வைத்தான். நித்திரையிலிருந்தவன் விழுங்கினான். பிறகு பிள்ளை கரண்டியை மறுபக்கம் திருப்பினான். காம்புப் பக்கம். விதுர்ஷன் இரண்டு விரலால் மாமனின் இமையைத் திறந்து பிடித்தான்.

அவள் பாய்ந்ததால் கண் முழுதாகப் போகவில்லை. இமை கிழிந்தது. இரத்தம் காதுக்குள் வடிந்தது. சுதாகரன் வலியில் கையை வீச, நிதுர்ஷன் சுவரில் போய் அடிபட்டு விழுந்தான். அழவில்லை. எழுந்து, நெற்றியில் புடைப்போடு, மறுபடி கரண்டியை எடுத்தான்.

"அக்கா, நான் விளையாட்டுக்குச் சொல்லல்ல" என்றான் சுதாகரன். கண்ணைப் பொத்திய விரல்களுக்கிடையால் இரத்தம் வந்தது. "இனி இவனுகள் கிட்ட வந்தா புள்ளையெண்டு பாக்கமாட்டன். கழுத்தப் புடிச்சி முறிச்சிருவன். சொல்லிட்டன்."

"தம்பி! என்ட புள்ளையள்டா!"

"அப்ப நான் ஆர்?"

அவன் கேட்டது நெஞ்சில் தைத்தது. யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றுவது என்று தெரியாமல் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு மழையில் புஸ்பமக்காவின் வீட்டுக்கு ஓடினாள். ஓடிப்போய், ஒன்றரை வருடமாக விழுங்கி வைத்திருந்ததைச் சொன்னாள்.

புஸ்பமக்கா வாயில் கை வைத்தாள். "போனுல பாத்தாலும் பாத்ததுதானே புள்ள! ஏன்கா அப்பவே சொல்லல்ல? அப்பவே சொல்லியிருந்தா பாத்த மறுகாவாவது செஞ்சிருக்கலாம்."

"இப்ப செய்யலாமா அக்கா?"

"செஞ்சி பாப்பம்."

வெண்கலக் கிண்ணம் நிறைய நல்லெண்ணெய். நடு அறையில் சுதாகரனைச் சுவரில் சாய்த்து இருத்தி, மடிக்கு முன்னால் வைத்தார்கள். ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண்ணால் குனிந்து பார்த்தான். தக்ஷாயினி ஒருவனையும் புஸ்பமக்கா மற்றவனையும் தூக்கி, அவன் தோள்களுக்கு மேலால் எண்ணெயில் முகம் விழும்படி பிடித்தார்கள். பிள்ளைகள் திமிறவில்லை. இதற்காகவே காத்திருந்தவர்கள்போலக் கழுத்தை நீட்டினார்கள்.

"தெரியுதா தம்பி?" புஸ்பமக்கா கேட்டாள்.

"என்ட முகம் தெரியுது."

"அது கிடக்கட்டும். புள்ளையள்ட முகம்?"

அவன் இன்னும் குனிந்தான். அவன் மூச்சில் எண்ணெய் சுருங்கியது. "அதுவும் என்ட முகம்தான்" என்றான். "ரெண்டு தோள்லயும். கண் மூடிக் கிடக்கு. மூக்கால ரத்தம் வருது."

புஸ்பமக்கா பிள்ளையைக் கீழே விட்டாள். கிண்ணத்தை எடுக்கவில்லை, குடையை எடுக்கவில்லை. படலையடியில் நின்று ஒரு தடவை திரும்பினாள். "இண்டைக்கே அனுப்பு. பொழுது படமுன்ன அனுப்பு." மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

தக்ஷாயினி போன் எடுத்தாள். "ஓட்டோவக் கொண்டு வாங்க. தம்பிய வாழைச்சேனையில முனாப்ட வீட்ட விடணும்." முனாப் கட்டாரில் சுதாகரனோடு ஒரே அறையில் இருந்தவன், எப்போதும் வா என்று அழைப்பவன்.

"இந்த மழைக்குள்ளயா? என்ன அவசரம்?"

"வாங்க எண்டா வாங்க!"

களுவாஞ்சிக்குடியில் நிற்கிறேன், இதோ வருகிறேன் என்றான் விஜிதரன். அவள் பிள்ளைகளைப் படுக்கையறையில் விட்டுக் கதவை வெளியால் பூட்டினாள். மேல் கொண்டி, அவளே எக்கித்தான் போட வேண்டும். பிள்ளைகள் அழவில்லை. சுதாகரன் தரையில் நகர்ந்து நகர்ந்து பைக்குள் துணிகளை அடுக்கத் தொடங்கினான்.

"ஒண்டும் வேணாம் அக்கா. போயிட்டாக் காணும்."

"வழிக்குச் சோறு கட்டித் தாறன்டா."

அதைச் செய்திருக்கக்கூடாது. அவனை அப்போதே இழுத்துக்கொண்டுபோய் வீதியில் மழைக்குள் வைத்திருக்க வேண்டும். ஆனால் தம்பியை வெறும் வயிற்றோடு ஒரு நாளும் அவள் அனுப்பியதில்லை. குசினிக்குப் போனாள். கரண்ட் நின்றிருந்தது. பின்னேரம் மூன்று மணிக்கே வீடு கறுத்திருந்தது. அம்மியின் முன்னால் இருந்து சம்பலுக்குத் தேங்காய்ப்பூவையும் செத்தல் மிளகாயையும் வைத்து, குழவியின் இரு முனையையும் பிடித்து உருட்டினாள். வயிற்றைக் கீறிய நாளிலிருந்து அந்தக் குழவியைத் தூக்க அவளுக்கு ஏலாது. எடுத்து வைப்பதும் கழுவி வைப்பதும் விஜிதரன். அவளால் உருட்டத்தான் முடியும்.

மழை. குழவி. மழை.

அதற்குள் ஒரு சத்தம்.

பிள்ளை அழுகிற சத்தம். பாதியில் நின்றது. மறுபடி வந்தது. நசுங்கி வந்தது. தொண்டையில் கை வைத்து அமுக்கினால் வருகிற மாதிரி. நடு அறையிலிருந்து.

எழுந்ததை அவள் அறியவில்லை. ஓடினாள். படுக்கையறைக் கொண்டி கழன்று தொங்கியது. கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

நடு அறை இருட்டு. தம்பியின் முதுகு. மாவுக்கட்டுக் கால் ஒருபக்கம் நீட்டியிருக்க, மற்ற முழங்காலை ஊன்றி, முழுப் பாரத்தையும் கையில் போட்டு எதையோ கீழே அமுக்கிக்கொண்டிருந்தான். முழங்கைகள் வேலை செய்தன. மூச்சு வாங்கியது. கைகளுக்கு அடியில் சிவப்புச் சட்டை. சின்னச் சட்டை. ஒரு சின்னக் கை வெளியே துடித்தது. அழுகை நசுங்கியது. நசுங்கியது.

கழுத்தப் புடிச்சி முறிச்சிருவன்.

"தம்பி, விடு!"

அவன் பாதி திரும்பினான். "அக்கா, இந்தச் சிப்—"

குழவி அவன் நெற்றிப்பொட்டில் இறங்கியது. ஈரமான சத்தம். அவன் கேள்வி கேட்பதுபோல அவளைப் பார்த்தான். அவள் மறுபடி இறக்கினாள். மூக்கு உள்ளே போனது. பல் இரண்டு டைல்ஸில் தெறித்து ஓடியது. கை விடவில்லை அவன், கை விடவில்லை, ஏன் கையை விடாமல் இருக்கிறான், என்ட புள்ள, என்ட புள்ள. மறுபடி. இந்தத் தடவை மண்டை ஓடு இளகிக் கொடுத்தது. இரத்தம் அவள் முகத்தில் சூடாக அடித்தது. மிளகாய்க் காரமும் இரத்தமும் கண்ணை எரித்தன.

அவன் சரிந்தான். கைகள் விலகின.

பை.

அவனுடைய பயணப் பை. பாதி மூடிய சிப்பு. அதன் பற்களில் சிக்கிக் கிடந்தது நிதுர்ஷனின் சிவப்புச் சட்டை. வெறும் சட்டை; துடித்தது அதன் வெறும் கை. அவளைக் கேட்காமல், கொடியிலிருந்து, ஞாபகத்துக்கு எடுத்து வைத்திருக்கிறான். பை நிறைந்து மூடவில்லை. அமுக்கியிருக்கிறான்.

"தம்பி" என்றாள். "தம்பி. ஐயோ என்ட தம்பி."

அழுகை நிற்கவில்லை.

நசுங்கிய அழுகை. கிட்ட. மிகவும் கிட்ட. அவளுடைய முழங்காலடியில்.

குனிந்து பார்த்தாள். குழவியின் ஒரு முனையை நிதுர்ஷன் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். மறு முனையை விதுர்ஷன். இருவரும் தோள்வரை சிவந்திருந்தார்கள். விதுர்ஷன் அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல், வாயைக் கொஞ்சமாகத் திறந்து, கழுத்து நெரிபடும் பிள்ளையின் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் கண்டதும் நிறுத்தினான்.

கீழே சுதாகரனின் விரல்கள் அசைந்தன. தரையில் சுரண்டின. உடைந்த வாய்க்குள்ளிருந்து காற்று வந்தது.

"அக்..."

உயிர் இருக்கு. உயிர் இருக்கு. அவள் குழவியை விட்டுவிட்டு அவனைத் தூக்க நினைத்தாள். கை வரவில்லை. விரல்கள் கல்லோடு மூடிக் கிடந்தன.

கல் எழுந்தது.

அவள் தூக்கவில்லை. இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. அவளுடைய கைகளும் கூடப் போயின. பிள்ளைகளின் பாதங்கள் தரையை விட்டு எழும்பின. தலைக்கு மேலே, இரண்டு முனையிலும் இரண்டு பேரும் தொங்கிக்கொண்டு, மாமனைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தார்கள்.

கனக்கவேயில்லை.